பக்கத்துக் காலி இடம் நமக்குச் சொந்தமாகுமா?

வீட்டுக்குப் பக்கத்தில் பத்தடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தால், நம் பெண்களுக்குக் கை சும்மா இருப்பதில்லை. முதல் வருஷம் ஒரு முருங்கைப் போத்து நடுவோம். அடுத்த வருஷம் இரண்டு கம்பு ஊன்றித் துணி காயப்போடக் கொடி கட்டுவோம். அப்புறம் விறகு அடுக்குவது, ஆட்டுக்குட்டி கட்டுவது, துவைகல் போடுவது என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் நாலு தகரத்தை வைத்து மறைப்புக் கட்டிவிட்டால், வருகிற உறவுக்காரர்களிடம் "இதுவும் நம்ம இடந்தானுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

எங்கள் திருப்பூரில் இந்த ஆசை கொஞ்சம் அதிகம். அதில் தப்பும் சொல்ல முடியாது. பனியன் கம்பெனி வேலைக்கென்று நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறிய ஊர் இது. லைன் வீட்டின் ஒற்றை அறையிலே சமைத்து, படுத்து, பிள்ளை வளர்த்து, சீட்டுப் போட்டு, போனஸ் பணத்தைச் சேர்த்து, ஒன்றரை சென்ட் வாங்கி வீடு கட்டினவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு அடுத்தாற்போல் முட்செடியும் கட்டிங் வேஸ்ட்டுமாக ஓர் இடம் கேட்பாரற்றுக் கிடந்தால் மனசு கேட்குமா? கொசு அடைகிறது, பாம்பு வருகிறது, குழந்தைகள் இருக்கிற வீடாயிற்றே என்று சுத்தம் செய்யப் போய்த்தான் நிறையப் பேர் அதற்குள் முதன்முதலாகக் கால் வைக்கிறார்கள்.

பிறகு குழாயடியில் ஒரு பேச்சு கிளம்பும். "பன்னெண்டு வருஷம் அனுபவிச்சுட்டா இடம் நமக்கே ஆயிருமாம் அக்கா. சட்டமே இருக்குதாமா."

சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் குழாயடியில் பேசுகிற மாதிரி இல்லை.

1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. ஒருவருடைய நிலத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டால், சொந்தக்காரர் 12 வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போய் மீட்க வேண்டும். அந்தக் கெடுவை விட்டுவிட்டால் அவருடைய உரிமையே அற்றுப்போகும் என்கிறது அதன் 27வது பிரிவு. இதைத்தான் வக்கீல்கள் 'எதிரிடை அனுபவம்' என்கிறார்கள். அந்த 'எதிரிடை' என்ற வார்த்தையை நன்றாகக் கவனியுங்கள் சகோதரிகளே. வெறும் அனுபவம் போதாது. சொந்தக்காரருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படியாக, ஊரறிய, ஒரு நாளும் விட்டுப்போகாமல் 12 வருஷம் அனுபவித்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனையையும் நிரூபிக்க வேண்டியது பிடித்தவர் பொறுப்பு.

முருங்கை நட்டது, கொடி கட்டியது, ஆடு மேய்த்தது எல்லாம் இந்தக் கணக்கில் நிற்பது மிகக் கஷ்டம். காலி இடத்தில் ஊரே ஆடு மேய்க்கும். "ஏனுங்க, உங்க இடத்துல ரெண்டு செடி வெச்சுக்கட்டுங்களா?" என்று ஒரு தடவை கேட்டு அவரும் சரி என்று சொல்லிவிட்டாரானால், அதன் பிறகு 40 வருஷம் இருந்தாலும் அது அனுமதியின் பேரில் இருந்ததாகத்தான் ஆகும். வாடகைக்கு இருப்பவருக்கும், காவலுக்கு வைத்தவருக்கும் அதே கதைதான்.

இன்னொரு வேடிக்கை. இந்த உரிமையைக் கேட்கிறவர் "இந்த இடம் இன்னாருடையது, அவருக்கு எதிராக நான் அனுபவித்தேன்" என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். "தாத்தா காலத்திலிருந்தே இது எங்கள் சொத்து" என்று ஒரு மூச்சும், "12 வருஷம் அனுபவித்ததால் எங்களுக்கு வந்துவிட்டது" என்று மறு மூச்சும் விட்டால் வழக்கு அங்கேயே ஆட்டம் கண்டுவிடும்.

நீதிபதிகளுக்கும் இந்தச் சட்டம் முழுக்கப் பிடித்ததாகத் தெரியவில்லை. 2008இல் சுப்ரீம் கோர்ட்டே இது நியாயத்துக்கும் புத்திக்கும் ஒத்துவராத சட்டம் என்று கடிந்து சொல்லி, மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள் என்று மத்திய அரசிடம் கூறியது. ஆனால் 2023 மே மாதம் சட்டக் கமிஷன் தன் 280வது அறிக்கையில் மாற்ற வேண்டாம் என்று சிபாரிசு செய்தது. நடுவில் 2019 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள், 12 வருஷம் முறைப்படி அனுபவித்தவர் தாமே வழக்குப் போட்டும் உரிமை கேட்கலாம் என்றார்கள். 2013இல் வந்த தீர்ப்பின்படி, தம்மேல் யாராவது வழக்குப் போட்டால் தற்காப்பாகத்தான் இதைச் சொல்ல முடியும் என்று இருந்தது. 2019 தீர்ப்பைப் பாதி மட்டும் கேட்டுவிட்டுத்தான் குழாயடிப் பேச்சு பலமாகிவிட்டது. பொதுக் காரியத்துக்கென்று விட்ட நிலங்களில் இந்த உரிமை வரக்கூடாது, அதைச் சட்டத்திலேயே எழுதிவிடுவது நல்லது என்று அதே தீர்ப்பில் சொல்லியிருப்பதை யாரும் சொல்வதில்லை.

சட்டம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்தது. அவன் தன் ஊரில் அதை இறுக்கிக்கொண்டுவிட்டான். இங்கிலாந்தில் 2003 முதல், பதிவான நிலத்தை 10 வருஷம் அனுபவித்தவர் மனுப் போட்டால், பதிவு அலுவலகம் உடனே சொந்தக்காரருக்குத் தாக்கல் அனுப்பிவிடும். அவர் ஆட்சேபித்தால் சாமானியத்தில் கிடைக்காது. நம் நாட்டில் அப்படித் தாக்கல் சொல்ல யாரும் இல்லை.

சும்மா கிடக்கிற இடம் யாருடையது?

நம் வீட்டுப் பக்கத்தில் சும்மா கிடக்கிற இடங்களில் பல, தனி ஆளுடைய இடமே அல்ல. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

திட்டுகிற வார்த்தையாகப் போய்விட்ட 'புறம்போக்கு' என்பதற்கு, வரிக் கணக்குக்குப் புறம்பாக வைத்த நிலம் என்றுதான் அர்த்தம். அதில் எத்தனையோ தினுசு. ஓடை, வாய்க்கால், குளம், பாதை, களம், மந்தை, மயானம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் தெரு, சந்து, பாதை, ஆறு, ஓடை, ஏரி எல்லாம் சர்க்கார் சொத்து என்கிறது. சர்க்கார் நிலத்துக்கு 12 வருஷக் கணக்கு கிடையாது. 30 வருஷம். அதையும் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். அதற்குள் எந்த நாளிலும் தாசில்தார் நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றலாம்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இட்டேரி தெரியாமல் இருக்காது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித் தடம், வேலியோரம் சங்கிலையும் பிரண்டையும் படர்ந்திருக்கும். காடு தோட்டமெல்லாம் சைட்டாகிப் போன பிறகு இந்த இட்டேரிகள் வீடுகளின் முதுகுப் பக்கத்தில் துண்டு துண்டாக நிற்கின்றன. "வண்டியே வர்றதில்ல, வழி எதுக்கு?" என்று ஆளுக்கு நாலடி உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். வண்டி வராவிட்டாலும் கணக்கில் அது பாதைதான். யாராவது ஒருவர் மனுப் போட்டால் சர்வேயர் சங்கிலியோடு வந்து நிற்பார்.

ரிசர்வ் சைட் இன்னொன்று. பெரிய மனைப் பிரிவு போடுகிறபோது ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் பொது உபயோகத்துக்கும் விட்டு, உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. பூங்கா வராமல் வேலிகாத்தான் முளைத்துக் கிடப்பதால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடாது. நம் பிள்ளைகள் விளையாட வேண்டிய இடம் அது. அதை வளைக்கிறவரைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வேலி போடுவதற்குச் செலவிடும் வேகத்தில் தெருப் பெண்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, பூங்கா கேட்டு மாநகராட்சிக்கு மனுக் கொடுக்கலாமே!

கோவில் நிலம் என்றால் கேட்கவே வேண்டாம். கோவில் நிலத்தை மீட்கப் போடும் வழக்குக்குக் காலவரம்பே கிடையாது என்று அறநிலையச் சட்டத்தின் 109வது பிரிவு சொல்கிறது. சாமி எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

நத்தம் மட்டும் வேறு சங்கதி. ஊர் ஜனங்கள் வீடு கட்டிக் குடியிருக்கவென்று ஆதியில் விட்ட நிலம் அது. அதைச் சாதாரணப் புறம்போக்காக எண்ணக் கூடாது என்று சென்னை ஹைகோர்ட் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நத்தத்தில் தலைமுறையாகக் குடியிருந்து பட்டா மட்டும் இல்லாதவர்கள் தாசில்தாரிடம் மனுச் செய்யத் தயங்கவே வேண்டாம். அதே போல, வீடற்ற ஏழைக் குடும்பங்கள் 'ஆட்சேபணையற்ற' புறம்போக்கில் குடியிருந்தால் அரசாங்கம் அவ்வப்போது வரன்முறைப்படுத்திப் பட்டா கொடுக்கிறது. வீட்டுப் பெண்ணின் பேரிலேயே கொடுப்பதும் உண்டு. ஆனால் ஓடையும் குளமும் 'ஆட்சேபணைக்குரிய' பட்டியலில் வரும். அங்கே பட்டா என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஓடையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் ஓடை என்று ஊருக்குள் ஓடி நொய்யலில் சேரும் பள்ளங்கள் திருப்பூரில் இருக்கின்றன. வருஷத்தில் பெரும்பாலான நாள் அவற்றில் சாக்கடைதான் ஓடும். பார்த்தால் யாருக்கும் பயம் வராது. கரையில் கொஞ்சம் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் ஒரு அறை போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். 2011 நவம்பரில் பெய்த பெருமழையில் இதே ஓடைகளில் வெள்ளம் புரண்டு வந்து கரையோர வீடுகளை அடித்துக்கொண்டு போனது. உயிர்களும் போயின. பகலில் ஷிப்டு முடித்து அசந்து தூங்குகிற வீடுகளுக்குள் ராத்திரி நேரத்தில் தண்ணீர் வந்தால் எந்தப் பிள்ளையை முதலில் தூக்குவது? ஓடைக்குக் கணக்கில் எழுதிய அகலம் சும்மா எழுதியதல்ல. மழை வருகிற அந்த ஒரு நாளுக்காக எழுதியது.

எங்கள் வீதிக்கு அப்பால் ஓடைக் கரையில் ஒரு குடும்பம். அந்தப் பெண் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். நாலு வருஷ போனஸையும் தாலிச் சங்கிலியையும் சேர்த்து அந்த இடத்தை 'வாங்கினாள்'. யாரிடம்? அதற்கு முன்னால் அங்கே குடிசை போட்டிருந்தவரிடம். எதை வாங்கிக்கொண்டாள்? ஒரு இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிய ஒப்பந்தமும், நாலைந்து பி மெமோ ரசீதும். "சர்க்காரே பில் போட்டிருக்குதுங்க அக்கா. அப்ப நமக்குப் பாத்தியம் இருக்குதுன்னுதானே அர்த்தம்?" என்று என்னிடம் அந்தத் தாள்களை விரித்துக் காட்டினாள். பாலிதீன் உறைக்குள் அத்தனை பத்திரமாக வைத்திருந்தாள்.

பி மெமோ என்பது என்ன தெரியுமா? நீங்கள் சர்க்கார் நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறீர்கள் என்பதற்காகப் போடும் அபராதத் தீர்வை. அதைக் கட்டி ரசீது வாங்குகிறவர், இது என் நிலம் அல்ல என்று கையெழுத்துப் போட்ட மாதிரிதான். கரண்ட் பில்லும் வீட்டு வரி ரசீதும் அங்கே குடியிருந்ததைக் காட்டும். சொந்தம் என்று காட்டாது. 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நிலம் பதிவு செய்த பத்திரம் இல்லாமல் கைமாறாது. இதை அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. விற்றவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியாது. வெளியேற்றினால் மாற்று வீட்டுக்கு மனுக் கொடுக்க அந்த ரசீதுகள் குடியிருந்ததற்கு அத்தாட்சியாக உதவலாம். அதனால் கிழித்துப்போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் கொடுத்த பணம் திரும்பி வருமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெண்கள் சொத்தும் சும்மா கிடக்கிறதே!

இதுவரை பக்கத்து இடத்தைப் பற்றிப் பேசினோம். இதே சட்டம் நம் சொத்தின் மேலும் பாயும். அப்பா சீதனமாகக் கொடுத்த சைட், பிறந்த ஊரில் இருக்கிற ரெண்டு சென்ட், கல்யாணத்துக்குப் பிறகு எட்டிப் பார்க்காத மனை எல்லாம் இன்னொருவர் வீட்டுக்குப் 'பக்கத்துக் காலி இடம்'தான். அந்த வீட்டம்மா அங்கே முருங்கை நட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போய் நில்லுங்கள். அத்துக்கல் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பி வேலி போட வசதியில்லாவிட்டாலும் நாலு மூலைக்குக் கல்லாவது நடுங்கள். பட்டாவை உங்கள் பேருக்கு மாற்றியாயிற்றா என்று பாருங்கள். யாராவது புகுந்துவிட்டது தெரிந்தால் வக்கீல் நோட்டீஸோடு ஓய்ந்துவிடக் கூடாது. நோட்டீஸ் விட்டதனால் 12 வருஷக் கணக்கு நிற்காது. வழக்குப் போட வேண்டும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போனால், சொந்தம் யாருக்கு என்ற பெரிய விசாரணை இல்லாமலே இடத்தைத் திரும்பப் பெற வழி உண்டு.

அண்ணன் தம்பிகள் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "பூர்வீகக் காட்டை 20 வருஷமா நாந்தான் பாத்துக்கிட்டிருக்கேன் அம்மிணி, உன் பங்கெல்லாம் காலாவதி ஆயிருச்சு." அது பொதுவாகச் செல்லாது. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி அனுபவிப்பது எல்லாப் பங்காளிக்கும் சேர்த்துத்தான். "உனக்குப் பங்கே இல்லை, வெளியே போ" என்று பகிரங்கமாக மறுத்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். மறுத்துவிட்டார் என்றால் மட்டும் தாமதிக்காதீர்கள். மகளுக்கும் மகனைப் போலப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை உண்டு என்று 2005இல் சட்டம் வந்ததும், 2020இல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்ததும் தெரிந்த விஷயம்தானே.

இமாசலப் பிரதேசத்தில் ஒரு மூதாட்டியின் வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்தறியாத விதவை. 1967-68இல் ரோடு போடவென்று அவர் நிலத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. நஷ்ட ஈடு ஒரு பைசா கொடுக்கவில்லை. வருஷங்கள் கழித்து, மற்றவர்கள் வழக்குப் போட்டுப் பணம் வாங்கியதைக் கேள்விப்பட்டு அவரும் கோர்ட்டுக்குப் போனார். அரசாங்கம் என்ன சொன்னது தெரியுமா? "42 வருஷமாக நாங்கள் அனுபவிக்கிறோம், எதிரிடை அனுபவத்தில் நிலம் எங்களுடையது" என்றது! 2020 ஜனவரி 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், மக்கள் நலம் பேசுகிற ஓர் அரசாங்கம் தன் குடிமகளின் நிலத்தை இப்படிச் சொல்லி எடுத்துக்கொள்ள முடியாது என்று அடித்துச் சொல்லி, நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவிட்டது. அப்போது அவருக்கு 80 வயது.

கண்டுபிடிப்பது எப்படி?

முன்பு போல வி.ஏ.ஓ. வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பட்டாவில் சர்வே எண் இருக்கும். அதை வைத்து அரசாங்கத்தின் இணையதளத்தில் புலப்படத்தை எடுங்கள். மகனையோ மகளையோ கைபேசியில் எடுத்துத் தரச் சொன்னால் போயிற்று. புலப்படத்தில் பக்கத்து இடத்தின் எண் தெரியும். அந்த எண்ணுக்கு 'அ' பதிவேட்டைப் பார்த்தால் அது பட்டா நிலமா, புறம்போக்கா, எந்த வகை என்று தெரிந்துவிடும். நகரத்துக்குள் நகர நில அளவைப் பதிவேடு என்று வேறு கணக்கு. பட்டா நிலமென்றால் சார்பதிவாளர் ஆபீசின் வில்லங்கச் சான்று, கடைசியில் யார் வாங்கியது என்று காட்டும். மனைப் பிரிவுக்குள் இருக்கிற இடமென்றால் அனுமதி பெற்ற வரைபடத்தையும் பார்க்க வேண்டும். ரிசர்வ் சைட்டைப் பிளாட் எண் போட்டு விற்கிற சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். பட்டா ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். பட்டா வருவாய்க் கணக்குத்தான், அதுவே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது என்று கோர்ட்டுகள் பல முறை சொல்லியாகிவிட்டது.

வழி நடக்கிற விஷயம் மட்டும் தனி. பக்கத்து இடத்தின் வழியாக 20 வருஷம் தடையில்லாமல், உரிமையாக நடந்து வந்திருந்தால் வழிப் பாத்தியதை கேட்கலாம். சர்க்கார் நிலமென்றால் 30 வருஷம். அதில் நடக்கத்தான் உரிமை கிடைக்கும், நிலம் கிடைக்காது.

சொந்தக்காரர் யாரென்று தெரிந்துவிட்டால் நேரே போய்ப் பேசிப் பாருங்கள். சுத்தம் செய்து கீரை போட மட்டும் ஆசையென்றால், "இது உங்கள் இடம், ஒரு வருஷத்துக்கு எங்கள் செலவில் பராமரிக்கிறோம், கேட்டபோது விட்டுவிடுகிறோம்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். பயமே அவர்களுக்கு 12 வருஷக் கதைதான். எழுதிக் கொடுத்தபின் உரிமை கேட்க முடியாது என்பது வாஸ்தவம். கொசுத் தொல்லை தீர்ந்து வீட்டுக்குக் கீரையும் கிடைத்தால் அதுவே லாபம் என்பது என் கட்சி.

இடமே வேண்டுமென்றால் விலை பேசி வாங்குங்கள். கோணல் மாணலாக, தனியாக வீடு கட்ட உதவாத ஒரு துண்டை ஒட்டின வீட்டுக்காரரைத் தவிர வேறு யார் வாங்கப் போகிறார்கள்? அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். பத்திரத்தில் நாலு மால், நீள அகலம், சர்வே உட்பிரிவு எண் எல்லாம் எழுதி, சர்வேயரை வைத்து அளந்து, உங்கள் பேரிலேயே பதிவு செய்யுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்ச ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலுக்கு மனுப் போட்டு, உட்பிரிவு செய்த புதுப் புலப்படம் கைக்கு வந்த பிறகு வேலிக்குக் கம்பி வாங்கலாம்.